ஒன்பது குறைகள்... ஒரு பொய்!

போன் அடித்தது.

சான்ட்ராவால் எடுக்க முடியவில்லை.

அவள் தரைக்கு ஐந்தடி கீழே, சர்வீஸ் குழிக்குள் நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மேல் ஒரு கிழட்டு ஜீப். போனோ அந்த ஜீப்பின் பானெட் மேல் கிடந்து துடித்துக்கொண்டிருந்தது.

"ஆன்டோ சார்! அந்த போனைக் கொஞ்சம் பாருங்களேன்..."

"யாரோ ஜாஃபர் மெக்கானிக்னு வருது மேடம்!"

"ஸ்பீக்கர்ல போடுங்க. என் கையெல்லாம் கிரீஸ்."

போட்டான்.

போடாமல் இருந்திருந்தால், நடக்கப்போவது எல்லாம் அவள் குழியை விட்டு மேலே வந்த பிறகு நடந்திருக்கும். போட்டதால்... அவள் குழிக்குள் இருக்கும்போதே நடந்தது!

அதற்கு முன்னால், சான்ட்ரா யார்?

மோட்டார் வாகன ஆய்வாளர். இந்தப் பெரிய பெயரை மன்னார்குடிப் பக்கம் யாரும் சொல்வதில்லை. 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றால்தான் தெரியும். வயது முப்பத்தி நாலு. பதினோரு வருட சர்வீஸ். அவள் ஃபெயில் என்று எழுதிவிட்டால் எந்தப் பெரிய மனிதர் போன் போட்டாலும் ஃபெயில்தான்.

பதினோரு வருடத்தில் ரிப்போர்ட்டில் அவள் எழுதிய பொய் ஒன்றே ஒன்று. அதை எழுதியது இந்த ஜீப்புக்குத்தான்.

என்ன பொய் என்று இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் மேலே நிற்கும் ஆன்டோ காதில் விழுந்துவிடும்! கொஞ்சம் பொறுங்கள்.

ஜீப்புக்குச் சொந்தக்காரர் கீழப்பனையூர் மதலைமுத்து. வயது அறுபத்தி மூன்று. ஊர்ப் பாசன சங்கத் தலைவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய வீம்பு. டிராக்டரே புதைந்துபோகும் களிமண் கரையில் அவருடைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் நாற்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த ஜீப் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வந்தது. சான்ட்ரா ஒன்பது குறைகளை எழுதி ஃபெயில் பண்ணினாள். முதல் குறை, ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை.

மதலைமுத்து ஆபீஸ் வாசலில் நின்று கத்தினார்.

"இந்த வண்டியில நான் புயல்ல போயிருக்கேன்! வெள்ளத்துல போயிருக்கேன்! நீ டார்ச் அடிச்சுப் பாத்துட்டு ஃபெயில்ங்கிற! ஒரு நட்டைத் திருப்ப மாட்டேன்... என்ன பண்ணுவ?"

நாலு நாளைக்கு முன்னால் அதே ஜீப் அவரைக் கொன்றது.

ஆற்றங்கரைச் சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு, கீழே மதகு ஷட்டருக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். மேட்டூர் திறந்தாகிவிட்டது. கடைமடையான கீழப்பனையூருக்குத் தண்ணீர் இன்றோ நாளையோ என்று ஊரே காத்திருந்தது. ஜீப் சத்தமில்லாமல் பின்னால் உருண்டு வந்தது. ஷட்டருக்கும் ஜீப்புக்கும் நடுவில் மதலைமுத்து!

சம்பவ இடத்தில் போலீஸ் எழுதிய மகஜரில் ஒரு வரி இருந்தது. 'ஹேண்ட் பிரேக் லிவர் மேலே இழுத்த நிலையில் இருந்தது.'

இழுத்தும் பிடிக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னாலேயே ஃபெயில். எனவே விபத்து. ஃபைலை மூட பிரேக் இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட் ஒன்றுதான் பாக்கி.

ஸ்டேஷனில் இடமில்லை என்று ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து, மதலைமுத்துவின் பூட்டிக் கிடந்த ரைஸ் மில் ஷெட்டில் போட்டிருந்தார்கள். அங்கே பழைய சர்வீஸ் குழி ஒன்று இருந்தது. அவருடைய அக்கா மகன் ஆன்டோதான் ஜீப்பைக் குழிமேல் ஏற்றி நிறுத்தினான். சென்னையில் வேலை. நல்ல சட்டை. நல்ல தமிழ். வார்த்தைக்கு வார்த்தை மேடம்.

காவலுக்கு வந்த ஏட்டு அண்ணாதுரை, "நீங்க பாத்துக்கிட்டு இருங்க மேடம், ஒரே ஒரு டீ!" என்று போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

இப்போது ஸ்பீக்கருக்கு வருவோம்.

"மேடம்! நான் ஜாஃபர் சாதிக் பேசறேன். ஹேண்ட் பிரேக் ஃபெயிலாகித்தான் மதலைமுத்து அய்யா போயிட்டார்னு ஊரெல்லாம் பேச்சா இருக்கு மேடம்! சத்தியமா இருக்காது மேடம்!"

"எப்படிச் சொல்றீங்க ஜாஃபர்?"

"நான்தானே மேடம் புதுசு மாட்டினேன்! அய்யா சாகறதுக்கு ஒரு வாரம் முன்னாடி! தஞ்சாவூர் போயி லைனர், கேபிள் எல்லாம் நானே பாத்து வாங்கியாந்தேன். மாட்டிட்டு, மூவாநல்லூர் பாலத்துச் சரிவுல நிறுத்திக் காட்டினேன். ஒரு இஞ்ச் நகரல!"

"பின்னே ஏன் யாருக்குமே தெரியல?"

"அய்யாதான் மூச்சு விடக்கூடாதுன்னுட்டாரு. 'அந்தப் பொண்ணு சொல்லி நான் கேட்டுக்கிட்டேன்னு தெரிஞ்சா ஊருக்குள்ள மீசையோட நடக்க முடியாதுடா'ன்னாரு. மீதி எட்டுக் குறையையும் தண்ணி வந்தப்பறம் பாத்துக்கலாம்னாரு மேடம்..."

சான்ட்ரா டார்ச்சை மேலே திருப்பினாள்.

ஹேண்ட் பிரேக் டிரம். அதிலிருந்து போகும் கேபிள். சுற்றிலும் நாற்பது வருட அழுக்கு. நடுவில் அது மட்டும் புத்தம் புதுசாக மின்னியது.

"அட... ஆமாம் ஜாஃபர்! புதுசாத்தான் இருக்கு!"

வாய் தவறி வந்துவிட்டது.

லைன் கட்டாயிற்று.

"ஆன்டோ சார்? சிக்னல் போயிடுச்சா?"

"இல்ல மேடம். நான்தான் கட் பண்ணினேன்."

குரலில் மரியாதை அப்படியே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது!

காலடிச் சத்தம் ஷெட்டின் வாசலுக்குப் போனது. இரும்புக் கதவுகள் கிறீச்சிட்டு மூடின. உள்தாழ்ப்பாள் விழுந்தது.

"சார்... கதவை எதுக்கு மூடறீங்க?"

ஜீப் லேசாகக் குலுங்கியது. அவன் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். க்ர்ர்... நின்றது. மறுபடி க்ர்ர்... நின்றது. நான்காவது குறை, செல்ஃப் மோட்டார். மூன்று தடவை திருப்பினால் ஒரு தடவை எடுக்கும் என்று அவளே எழுதியிருந்தாள்.

மூன்றாவது தடவை எடுத்தது!

ஜீப் பின்னால் நகர்ந்தது. சான்ட்ரா குனிந்துகொண்டாள். மூன்றே அடி. அவ்வளவுதான் நகர்ந்தது. ஆனால் குழிக்கு இறங்கும் படி இருந்த பக்கம் மொத்தமாக இருட்டாகிவிட்டது.

குழியின் முன்பக்கம் தடித்த பலகைகளால் மூடியிருந்தது. பலகைமேல் நெல் மூட்டைகள். இரண்டு பக்கமும் ஜீப்பின் இரும்புக் கால்மிதி தாழ்ந்து நின்றது. அந்த இடுக்கில் கை நுழையும். தலைகூட நுழையும். உடம்பு நுழையாது.

அவள் எலிப்பொறிக்குள் இருந்தாள்.

இன்ஜின் நின்றது. இடுக்கு வழியாக ஆன்டோவின் முகம் தெரிந்தது. தரையில் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்திருந்தான்.

"பயப்படாதீங்க மேடம். ஒரு சின்ன உதவி பண்ணினா போதும்."

ஏதோ ஒன்று 'ணங்' என்று அவள் காலடியில் விழுந்தது. கட்டிங் பிளேயர்!

"அந்தப் புது கேபிளை வெட்டிடுங்க. லைனரையும் கழட்டி மேல எறிஞ்சுடுங்க. அப்பறம் ஹேண்ட் பிரேக் ஃபெயில்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மூணு வாரம் முன்னாடி எழுதினதுதானே? அதையே எழுதப் போறீங்க."

"ஜாஃபருக்குத் தெரியுமே!"

"ரோட்டோர மெக்கானிக் வாய்ச்சொல்லு. உங்க சீலுக்கு முன்னாடி அதை யார் கேக்கப் போறா? மாமாவே ஒரு நட்டைத் திருப்ப மாட்டேன்னு ஆபீஸ் வாசல்ல ஊரறியக் கத்தியிருக்காரு."

சான்ட்ராவுக்கு மூளை வேலை செய்தது.

"ஆன்டோ... லிவரை மேல இழுத்து வெச்சது நீங்கதானே?"

அவன் சிரித்தான்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"லிவர் மேல இருந்துச்சுன்னு மகஜர் சொல்லுது. பிரேக் புதுசுன்னு என் டார்ச் சொல்லுது. ரெண்டும் நிஜம்னா வண்டி உருண்டிருக்க முடியாது. உருண்டிருக்கு. அப்படின்னா யாரோ லிவரை இறக்கி உருட்டிவிட்டு, திரும்ப இழுத்து வெச்சிருக்கணும்."

"புத்திசாலி மேடம் நீங்க. புத்திசாலிங்க குழிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி யோசிப்பாங்க."

"ஏன் ஆன்டோ? சொந்த மாமா!"

"இறால் பண்ணைக்கு இடம் கேட்டேன். கடலோரம் வரைக்கும் எத்தனை பேர் குடுத்துட்டாங்க! இவர் மட்டும் முடியாதுன்னுட்டார். 'உப்புத்தண்ணி என் வாய்க்கால்ல கலந்தா ஊர் சும்மா விடாது'ன்னு ஒரே பாட்டு. இனிமே அத்தைதான் கையெழுத்துப் போடணும். அத்தைக்கு என்னை விட்டா ஆள் கிடையாது. நான் நீட்டின இடத்துல போடுவாங்க."

அத்தை என்றால் மதலைமுத்துவின் மனைவி அருள்மேரி. காலையில் சான்ட்ரா ஷெட்டுக்கு வரும் வழியில் அந்த அம்மாளைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். "ஜீப்பைப் பாத்துட்டு நல்லபடியா எழுதும்மா. அந்த வண்டி அவரை ஒண்ணும் பண்ணியிருக்காதும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாற்பது வருடம் கூடவே இருந்த வண்டிமேல் ஒரு மனைவிக்கு இருந்த நம்பிக்கை! அது சரியாகத்தான் இருந்தது.

"உங்க ரிப்போர்ட்தான் எனக்கு வழி காட்டுச்சு மேடம்!" ஆன்டோ தன் போனை எடுத்து இடுக்கில் காட்டினான். திரையில் அவளுடைய எழுத்து. "மாமா சுவத்துல ஆணியடிச்சு மாட்டி வெச்சிருந்தார், போறவன் வரவன்கிட்டல்லாம் காட்டித் திட்டறதுக்கு. போட்டோ எடுத்துக்கிட்டேன். மனப்பாடமே பண்ணிட்டேன். குறை ஒண்ணு, ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. ஆஹா! இதைவிட நல்ல ஆயுதம் எங்க கிடைக்கும்?"

"நீங்க லிவரை இறக்கறப்பவே தெரிஞ்சிருக்கணுமே, அது பிடிச்சிருக்குன்னு?"

"கவர்மென்ட் பேப்பர்ல பிடிக்கலைன்னு போட்டிருக்கே! அரைகுறையா ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு நெனச்சேன். லிவரை இறக்கினேன். மாமா கியர்கூடப் போட்டு வெக்கலை. உருண்டுச்சு." அவன் எழுந்தான். "நேரமாகுது. வெட்டுங்க."

"வெட்டினா?"

"வண்டியை முன்னால எடுக்கறேன். மேல வாங்க. கையெழுத்து. டாட்டா."

சான்ட்ரா நம்பவில்லை. நீங்களும் நம்ப மாட்டீர்கள். கேபிளை வெட்டி லைனரைக் கழற்றிவிட்டால், கொலைக்குச் சாட்சி அவள் ஒருத்திதான். ஏற்கெனவே ஒரு ஆளைக் கொன்ற ஜீப், ஹேண்ட் பிரேக் இல்லாத ஜீப், படியேறி வரும் இன்ஸ்பெக்டர் மேல் இன்னொரு தடவை உருளாதா? 'ஐயோ, அதே வண்டி!' என்று ஊரே உச்சுக் கொட்டும். புது ரிப்போர்ட் எழுத வேறு இன்ஸ்பெக்டர் வருவார்.

"அண்ணாதுரை! ஏட்டய்யா!" அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"கத்துங்க. அவர் டீக்கடையில பரோட்டாவுக்கு ஆர்டர் குடுத்துட்டார். மரியாதைக்கு நான்தான் கடையில சொல்லி வெச்சிருந்தேன். ஊரு இங்கேருந்து அரை கிலோமீட்டர்."

"முடியாது. நான் வெட்ட மாட்டேன்."

"சரி. அப்போ குறை எண் ரெண்டைப் பாப்போம்."

குறை எண் இரண்டு அவளுக்குத் தெரியும். அளவுக்கு மீறிய புகை!

அவன் மறுபடி ஏறினான். க்ர்ர்... க்ர்ர்... இந்தத் தடவை இரண்டாவது முறையிலேயே எடுத்துத் தொலைத்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தான். கருகருவென்று டீசல் புகை பொங்கியது. மூடிய ஷெட். புகை போக வழியில்லை. சுருண்டு சுருண்டு குழிக்குள் இறங்கியது.

சான்ட்ரா துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டாள். கண் எரிந்தது. இருமல் நிற்கவில்லை.

இரண்டாவது படிக்கும் மகள் ஜெனித் மூன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் நிற்பாள். அம்மா வரும்வரை வாட்ச்மேன் பக்கத்திலேயே நிற்கச் சொல்லிப் பழக்கியிருந்தாள். இன்றைக்கு எவ்வளவு நேரம் நிற்பாளோ? அந்த நினைப்பு வந்ததும் சான்ட்ராவுக்கு அழுகை வந்தது. அழுதாள். அழுதுகொண்டே யோசித்தாள்.

ஒன்பது குறைகள். அவற்றில் ஒன்றை அந்தக் கிழவர் சரி பண்ணிவிட்டார். மீதி எட்டும் ஆன்டோவுக்கு மனப்பாடம்.

பத்தாவது?

அவள் நிமிர்ந்தாள்.

பத்தாவது ஒன்று இருந்தது! ரிப்போர்ட்டில் இல்லாதது!

பையிலிருந்த ஸ்பேனரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கட்டிங் பிளேயரால் ஜீப்பின் அடியில் ஓங்கித் தட்டினாள்.

"ஆன்டோ! போதும்! வெட்டறேன்! வெட்டித் தொலைக்கறேன்!"

ஆக்ஸிலேட்டர் தணிந்தது. இன்ஜின் மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"வெட்டுங்க!"

"கேபிள் தொளதொளன்னு கிடக்கு! பிளேயர் வழுக்குது! லிவரை முழுசா மேல இழுத்துப் பிடிங்க, விறைப்பா நின்னாத்தான் வெட்ட முடியும்!"

"இழுத்துட்டேன்!"

"என்ன? கேக்கலை! இன்ஜின் சத்தம்!"

"இழுத்துட்டேன்னு சொன்னேன்!"

"ஒண்ணும் கேக்கலை சார்! இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஹாரன் அடிங்க! அது கேட்டதும் வெட்டறேன்! ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணும்போது அப்படித்தான் பண்ணுவோம்!"

சான்ட்ரா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

ஆன்டோ முட்டாள் இல்லை. போனை எடுத்துப் பார்த்தான். ஒன்பது குறைகளிலும் ஹாரன் இல்லை. கீழே தனிக் கட்டத்தில் அவள் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. 'ஹாரன்: சரி.'

ஒரே ஒரு 'பாம்'. வயல்வெளியில் யார் காதில் விழுந்தாலும் ஏதோ வண்டி போகிறது என்றுதான் நினைப்பார்கள்.

இடது கையால் லிவரை இழுத்துப் பிடித்தான். வலது கையால் ஹாரனை அழுத்தினான்.

பாம்ம்ம்...

கையை எடுத்தான்.

ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்!

நிற்கவில்லை!

மறுபடி அழுத்தினான். குத்தினான். ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பினான். ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. உத்தரத்திலிருந்த புறாக்கள் படபடத்தன.

"ஏய்! என்னடி பண்ணினே?"

மேடம் போய்விட்டது!

"நான் ஒண்ணுமே பண்ணலை!" சான்ட்ரா கத்தினாள். "நீங்கதான் அழுத்தினீங்க!"

"ஹாரன் சரின்னு எழுதியிருக்கியே!"

"பொய் எழுதினேன்!"

இதுதான் அந்தப் பொய். இனி ஆன்டோ காதில் விழுந்தாலும் பரவாயில்லை!

மூன்று வாரத்துக்கு முன்னால் டெஸ்ட் பண்ணும்போது அவள் ஹாரனை அழுத்தினாள். அது நிற்காமல் அலறியது. மதலைமுத்து டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு ஏதோ ஒரு ஒயரை இழுத்து நிறுத்தினார். ஒன்பது குறைக்கும் சண்டை போட்ட மனிதர், பத்தாவதற்கு மட்டும் கைகூப்பினார்.

"இதை மட்டும் எழுதாத தாயி. எழுதினா மாத்தணும். மாத்தினா ஊருக்குத் தண்ணி வந்தது தெரியாது."

"ஹாரனுக்கும் தண்ணிக்கும் என்னங்க சம்பந்தம்?"

"மதகுல தண்ணி வந்ததும் நான் ஷட்டரைத் தூக்கிட்டு ஹாரனை ஒரு அழுத்து அழுத்துவேன். அது பாட்டுக்குக் கத்தும். எங்க இருந்தாலும் ஊரு மம்முட்டியோட ஓடியாந்துடும், அவன் அவன் மடையைத் திறந்துவிட. போன் வந்தும் எங்க ஊருல அதான் பழக்கம். போனை எடுக்காதவன்கூட இதுக்கு ஓடியாருவான்."

சான்ட்ரா சிரித்துவிட்டாள். பேனாவை எடுத்தாள். 'ஹாரன்: சரி' என்று எழுதினாள்.

அந்தப் பழக்கம் கீழப்பனையூரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். சென்னையிலேயே வளர்ந்த ஆன்டோவுக்குத் தெரியாது. வாய்க்காலை உப்பாக்கப் பார்த்தவனுக்கு வாய்க்காலின் பாஷை தெரியவில்லை.

ஹாரன் அலறியது.

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று.

தூரத்தில் ஒரு கூச்சல் கேட்டது.

"தண்ணி வந்துடுச்சூ...!"

"எந்தப் பக்கம்டா? அய்யா வண்டிச் சத்தம்டா அது!"

"மில்லுப் பக்கம்! ஓடியா, ஓடியா!"

ஆன்டோவின் முகத்தில் ரத்தமில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு அகப்பட்ட ஒயரையெல்லாம் பிய்த்தான். வைப்பர் ஆடியது. லைட் எரிந்தது. ஹாரன் நிற்கவில்லை.

ஓடிவிட வேண்டும்! ரிவர்ஸில் கதவை முட்டித் தள்ளிக்கொண்டு போனால் கரை ரோடு. அங்கிருந்து கடற்கரைச் சாலை. ரிவர்ஸ் கியரைப் போட்டான். லிவரை இறக்கினான். ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தான்.

ஜீப் உறுமியது. குலுங்கியது. நகரவில்லை!

அவன் லிவரை இழுத்துப் பிடித்திருந்த நேரத்தில், சான்ட்ரா கீழே சும்மா இருக்கவில்லை. பிளேயரைத் தூக்கி எறிந்துவிட்டு ஸ்பேனரை எடுத்திருந்தாள். கேபிளை இறுக்கும் நட்டை, கை வலிக்க வலிக்க, இனி திரும்பாது என்னும் வரை திருகியிருந்தாள். மேலே லிவரை இறக்கினாலும் கீழே பிரேக் இறங்காது.

இன்ஜின் ஒரு தடவை இருமியது. செத்தது.

சாவியைத் திருப்பினான். க்ர்ர்...

இன்னொரு தடவை. க்ர்ர்...

மூன்றாவது தடவை சத்தமே இல்லை.

"குறை எண் நாலு!" குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. இருமலுக்கு நடுவே அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. "மனப்பாடம் பண்ணினீங்களே!"

அவன் ஜீப்பிலிருந்து குதித்தான். மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தான். இடுக்கு வழியாக அவளைக் குத்தப் பார்த்தான். சான்ட்ரா எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கடப்பாரை நுனி அவள் காதோரம் சுவரைப் பெயர்த்தது. ரத்தம் கசிந்தது. அவள் அலறினாள். அந்த அலறல் ஹாரனில் கரைந்தது.

இன்னொரு தடவை ஓங்கினான்.

கதவில் தடதடவென்று அடி விழுந்தது.

"யாருடா உள்ள? கதவைத் திறடா!"

ஷெட்டுக்கு ஒரே வாசல். ஜன்னல் கிடையாது. குழிக்குள் ஒருத்தியைப் பூட்டியவன், இப்போது ஷெட்டுக்குள் தானே பூட்டிக் கிடந்தான்!

ஒரே வழிதான். தாழ்ப்பாளைத் திறந்து, ஏதாவது கதை சொல்லிக்கொண்டே நழுவ வேண்டும். கடப்பாரையைப் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். கதவைத் திறந்தான்.

வெளியே நாற்பது பேர். நாற்பது மண்வெட்டி.

எல்லோருக்கும் முன்னால் செருப்பில்லாமல் ஓடி வந்து நின்றுகொண்டிருந்தார் அருள்மேரி. மூச்சு வாங்கியது. கண்கள் ஆன்டோவைத் தாண்டி உள்ளே தேடின.

"அவர்... அவரா அடிச்சாரு?"

மூன்று நாளைக்கு முன்னால் புதைத்த மனிதரின் ஹாரன். கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"அத்தை! ஒண்ணுமில்ல, இன்ஸ்பெக்டர் மேடம் வண்டியை டெஸ்ட் பண்றாங்க..."

"அம்மா!" குழிக்குள்ளிருந்து புகையோடு குரல் வந்தது. "வண்டி ஒண்ணும் பண்ணலைம்மா! நீங்க சொன்னது சரிதான்! ஆன்டோதான் லிவரை இறக்கி அவரைக் கொன்னான்! என்னையும் கொல்லப் பாக்கறான்!"

ஆன்டோ ஓடினான்.

எங்கே ஓடுவது? இரண்டு அடி வைத்தான். முன்வரிசையில் நின்ற குத்தகை விவசாயி ஜெக்கரியா மண்வெட்டிக் காம்பைக் குறுக்கே நீட்டினார். குப்புற விழுந்தான். அவன் நல்ல சட்டையின் மேல் பதினைந்து கால்கள் ஏறின.

அப்போதுதான் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார் ஏட்டு அண்ணாதுரை. கையில் பாதிப் பரோட்டா.

"என்ன... என்ன நடக்குது இங்க?"

"நீங்க சாப்பிட்டு முடிங்க ஏட்டய்யா" என்றார் ஜெக்கரியா. "நாங்க பிடிச்சு வெச்சிருக்கோம்."

சான்ட்ரா நட்டைத் தளர்த்தினாள். இருபது பேர் சேர்ந்து ஜீப்பை முன்னால் தள்ளினார்கள். படி வெளிச்சமானது. முகமெல்லாம் கரியாக, காதோரம் ரத்தமாக அவள் மேலே வந்தாள். அருள்மேரி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். யார் யாருக்கு ஆறுதல் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

ஹாரன் மட்டும் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. அருள்மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு ஒரே ஒரு ஒயரை இழுத்தார். நின்றது. அவருக்கு மட்டும்தான் மதலைமுத்து சொல்லிக் கொடுத்திருந்தார் போலிருக்கிறது.

அண்ணாதுரை ஆன்டோவின் கையில் விலங்கை மாட்டினார். செய்த தப்பு உறைத்திருந்தது. சான்ட்ராவின் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"மேடம்... ரிப்போர்ட்?"

சான்ட்ரா பானெட் மேல் பேப்பரை வைத்து எழுதினாள். 'ஹேண்ட் பிரேக்: புதியது. நன்றாகப் பிடிக்கிறது. வண்டி தானாக உருள வாய்ப்பே இல்லை.'

"அந்த ஹாரனைக் குறையில சேக்கணுமில்ல மேடம்? பழுதாத்தானே இருக்கு?"

"ஏட்டய்யா, அந்த ஹாரனும் நீங்களும் இன்னிக்கு டியூட்டியில இருந்தீங்க" என்றாள் சான்ட்ரா. "ரெண்டுல யாரைக் குறையில சேக்கறது?"

அண்ணாதுரை ஆன்டோவை இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்.

கூட்டம் கலையவில்லை. நாற்பது பேரும் மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி அப்படியே நின்றார்கள். எதற்கோ காத்திருப்பதுபோல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஜெக்கரியா தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எல்லாம் சரிம்மா. கொலைகாரன் வந்துட்டான், பிரேக் இன்ஸ்பெக்டர் வந்துட்டீங்க, பரோட்டாவோட போலீஸும் வந்துடுச்சு... தண்ணியை எங்கம்மா காணோம்?"